மணல்வாரி ஒருமுறைதான் வருகிறது. டிடி ஊசி மட்டும் ஏன் மறுபடியும் மறுபடியும்?

கேள்வி: தோட்டத்துக்காரர், காங்கேயம்

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் கட்டுத்தறியில் சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது என் தந்தையின் உள்ளங்காலில் பழைய ஆணி ஒன்று ஆழமாக ஏறிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டு, கடைசியாக டிடி ஊசி போட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன என்றதும் உடனே ஒன்று போட்டு அனுப்பினார்கள். வீடு வந்ததும் அவர் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. சிறு வயதில் ஒருமுறை வந்துபோன மணல்வாரி (தட்டம்மை) இந்த எழுபது வயது வரை அவரை மறுபடி அண்டவில்லை. அப்படியிருக்க ரணஜன்னிக்கான (டெட்டனஸ்) இந்த டிடி ஊசியின் பலன் மட்டும் ஏன் குறைந்துகொண்டே போகிறது? ரணஜன்னி வந்து பிழைத்தவருக்காவது அது மறுபடி வராமல் இருக்குமா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் அவருக்குப் படித்துக் காட்டுவேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், ஈரோடு

இரண்டு கிருமிகளும் உடலுக்குள் நடந்துகொள்ளும் விதமே வேறு. தங்கள் தந்தையாரின் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

மணல்வாரி வைரஸ் மூச்சுப்பாதை வழியாக நுழைந்து, நிணநீர்க் கணுக்களில் பெருகி, உடல் முழுவதும் பரவிய பிறகே தோலில் தடிப்பாகத் தெரிகிறது. அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். அவ்வளவு பெருந்தொகையான வைரஸை எதிர்கொள்ளும் பி செல்கள், டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளையணுக்கள் தாமும் பல்கிப் பெருகுகின்றன. நோய் தணிந்ததும் அவற்றில் பெரும்பாலானவை மடிந்துவிட, ஒரு பகுதி அக்கிருமியை அடையாளம் வைத்திருக்கும் நினைவுச் செல்களாகத் தங்குகிறது. வேறு சில எலும்பு மஜ்ஜையில் குடியேறி ஆண்டுக்கணக்கில் எதிர்ப்பொருளை, அதாவது கிருமியையோ நஞ்சையோ பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்யும் புரதத்தை, சுரந்துகொண்டே இருக்கின்றன. வைரஸும் தன் முக்கியமான மேற்புரதங்களைப் பெரிதாக மாற்றிக்கொள்வதில்லை. 1846-இல் ஃபாரோ தீவுகளில் மணல்வாரி பரவியபோது, டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானம் அங்கே ஒன்றைக் கவனித்தார்: 1781-இல் அந்நோய் கண்டிருந்த முதியவர்கள் எவரையும் அது மறுபடி தாக்கவில்லை. இடையில் 65 ஆண்டுகள் அத்தீவுகளில் அந்த நோயே இல்லை என்பதால், மீண்டும் மீண்டும் தொற்றுக்கு ஆளானதால்தான் எதிர்ப்பு நிலைத்தது என்றும் சொல்வதற்கில்லை.

ரணஜன்னிக் கிருமியோ உடலெங்கும் பரவுவதே இல்லை. காயத்துக்குள்ளேயே இருந்துகொண்டு நஞ்சை மட்டும் வெளியே விடுகிறது. ஆளைக் கொல்லப் போதுமான நஞ்சின் அளவு, நோயெதிர்ப்புச் செல்களைத் தட்டி எழுப்பக்கூடப் போதாத அளவுக்கு மிகச் சிறியது. ஆகவே அந்நோய் வந்து பிழைத்தவருக்கும் பாதுகாப்பு உண்டாவதில்லை. குணமான பிறகு அவருக்கும் முறையாகத் தடுப்பூசி போட்டாக வேண்டும். ஊசியில் இருப்பது அதே நஞ்சுதான், ஆனால் ஃபார்மலின் கொண்டு வீரியம் போக்கப்பட்டது; அதனால்தான் செல்கள் விழித்துக்கொள்ளும் அளவுக்கு அதை அச்சமின்றிச் செலுத்த முடிகிறது.

அடுத்தது நேரக் கணக்கு. நினைவுச் செல்கள் விழித்து, பெருகி, எதிர்ப்பொருளை உற்பத்தி செய்யச் சில நாட்களாவது ஆகும். மணல்வாரியில் அதற்கு அவகாசம் இருக்கிறது. ரணஜன்னி நஞ்சு நரம்பு முனைக்குள் நுழைந்துவிட்டால் எந்த எதிர்ப்பொருளும் அதை எட்ட முடியாது. ஆகவே ஆணி குத்தும் அன்றே இரத்தத்தில் போதிய எதிர்ப்பொருள் தயாராக இருந்தாக வேண்டும். தடுப்பூசியால் உண்டாகும் அந்த எதிர்ப்பொருளின் அளவு ஏறத்தாழ 11 ஆண்டுகளில் பாதியாகக் குறைகிறது என்று நீண்டகால அளவீடுகள் காட்டுகின்றன. பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊக்க ஊசி என்பது இதனால்தான்.

பதில் 2: ஆய்வக நுட்பர், கோவை

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஆணியின் துரு இந்நோயைத் தருவதில்லை. மண்ணிலும் மாடு, குதிரை போன்றவற்றின் சாணத்திலும் உள்ள கிருமியின் விதைத்துகள்கள் ஆழமான காயத்துக்குள் போய்ச் சேர்வதுதான் ஆபத்து. காற்று புகாத இடத்தில்தான் அவை முளைக்கும்.

காயம் பட்ட சில மணி நேரத்தில் அங்கே நடப்பது வியப்பானது. சிதைந்த திசுக்கள் வெளியிடும் வேதிப்பொருட்களால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதனால்தான் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்குகிறது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டி, செல்களின் இடுக்கு வழியாகத் தம்மை நெளித்துக்கொண்டு வெளியேறி, கண்ணில் பட்ட கிருமிகளை விழுங்கிச் செரித்துத் தாமும் மடிகின்றன. நாம் சீழ் என்று துடைத்தெறிவதில் பெரும்பகுதி அவைதான். எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் அவற்றை உற்பத்தி செய்கிறது. இருந்தும் செத்த திசுவும் அழுக்கும் உள்ளே தங்கிவிட்டால் அவற்றால் அங்கே சரிவர இயங்க முடியாது. எனவே ஊசியைப் போலவே முக்கியமானது, காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுவது. இரத்தம் நிற்பதற்காக மண்ணையோ சாணியையோ அப்பும் பழக்கம் இன்னும் எங்கேனும் இருந்தால் அதை நாம் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

தோட்டத்துக்காரர், காங்கேயம்

மிக்க நன்றி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு சந்தேகம்: பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கு மண்வெட்டி வெட்டியபோது இரண்டு ஊசிகள் போட்டார்களாம். அப்பாவுக்கு ஏன் ஒன்று மட்டும்?

பதில் 3: செவிலியர், பெருந்துறை

அந்த அண்ணன் சிறு வயதில் தடுப்பூசி போட்டதற்கு எந்த விவரமும் இல்லாதவராக இருந்திருக்கலாம். அத்தகையவரின் உடலில் விழித்தெழ நினைவுச் செல்களே இருக்காது. முதல் ஊசிக்கு எதிர்ப்பொருள் உருவாக வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியைக் கடக்க, அழுக்கான காயமாக இருந்தால், பிறரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆயத்த எதிர்ப்பொருளை இம்யூனோகுளோபுலினாக இன்னொரு இடத்தில் செலுத்துவார்கள். அது உடனே வேலை செய்யும். ஆனால் சில வாரங்களில் கரைந்துவிடும். உடல் தானே கற்றுக்கொள்வதற்குத் தடுப்பூசித் தவணைகளை முடித்தாக வேண்டும். அவர் அடுத்த தவணைக்குப் போனாரா என்று தயவுசெய்து விசாரியுங்கள். தங்கள் தந்தையார் ஏற்கெனவே தவணைகளை முடித்தவர் என்றால், ஒரே ஊசியில் அவருடைய நினைவுச் செல்கள் சில நாட்களில் விழித்துக்கொள்ளும். இனி சாணமோ மண்ணோ பட்ட காயம் ஏற்பட்டால், கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தாலே ஊக்க ஊசி தேவைப்படும் என்பதால், இப்போது போட்ட தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.