மஸ்டாங் டிராக் காருக்கு 600 டாலருக்குள் பிரேக்: எதை முதலில் மாற்றுவது?

நீலமஸ்டாங்:
அனைவருக்கும் வணக்கம். ஓஹியோவில் வசிக்கிறேன். என்னுடையது 1991ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் 5.0, ஆட்டோமேட்டிக். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் 9 அங்குல டிரம் பிரேக். எல்லாம் கம்பெனி பொருத்தி அனுப்பியவை. என்னையும் சேர்த்து எடை 1450 கிலோ. டிராக் (drag) பந்தயத்தில், அதாவது நேர்பாதை ஓட்டத்தில், கால் மைலை மணிக்கு 174 கிலோமீட்டர் வேகத்தில் முடிக்கிறேன். சென்ற வாரம் மூன்றாவது ஓட்டத்தில் பெடல் பஞ்சாக அமுங்கியது. பாதையைவிட்டு வெளியேறும் கடைசித் திருப்பத்தில்தான் காரை அடக்க முடிந்தது. எடை குறைந்த டிராக் பிரேக் செட்டை முன்சக்கரங்களுக்கு வாங்கலாமா? வார நாட்களில் வேலைக்கும் இதே கார்தான்.

பட்டறைக்காரர்:
தம்பி, அந்தச் செட்டை இப்போது வாங்க வேண்டாம். அது எடையைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்டது. மெல்லிய, காற்றுத் துளையில்லாத அதன் டிஸ்க் ஓர் ஓட்டத்தின் சூட்டைத் தாங்கும், ஆனால் அலுவலக நேர நெரிசலில் திரும்பத் திரும்ப அழுத்தினால் ஆறுவதற்கு வழியில்லாமல் தவிக்கும். பெடல் பஞ்சாவது பெரும்பாலும் குழாயில் காற்றோ நீராவியோ இருப்பதால்தான். மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தைக் குழாய்க்கு அனுப்பும் உருளை) மூடியைத் திறந்து பாருங்கள். பிரேக் ஆயில் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தால் மாற்றி நெடுநாளாகிவிட்டது என்று பொருள். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி; ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே முதலில் புது ஆயில், நான்கு சக்கரத்திலும் காற்று நீக்கம், முப்பது வயதைத் தாண்டிய ரப்பர் ஹோஸ்களுக்குப் பதிலாக எஃகுப் பின்னல் ஹோஸ். பிறகு பேட், அதாவது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை. சர்க்யூட் பந்தயப் பேடுகளை வாங்கிவிடாதீர்கள். அவை சூடேறினால்தான் பிடிக்கும், உங்கள் டிஸ்க்கோ முடிவுக் கோட்டைக் கடக்கும்போது ஏறக்குறைய குளிர்ந்தே இருக்கிறது.

கால்மைல்:
ஆயில் விஷயத்தில் அண்ணன் சொல்வதே சரி. நான் சேர்ப்பது லைன் லாக், அதாவது முன் பிரேக்கை மட்டும் பிடித்துவைக்கும் வால்வு. அது இல்லாமல் டயரைச் சுழற்றிச் சூடாக்கும்போது பெடலை மிதித்தே நிற்க வேண்டியிருப்பதால், பின்சக்கரம் சுழலச் சுழல டிரம்முக்குள் ஷூ (அதை உள்ளிருந்து பிடிக்கும் கட்டை) தேய்ந்து வெந்துபோகிறது. லைன் லாக் முன்சக்கரங்களை மட்டும் பூட்டிப் பின்பக்கத்தை விட்டுவிடும். அடுத்து, 1987, 88 தண்டர்பேர்டு டர்போ கூப்பின் பின் டிஸ்க்குகள் பழைய இரும்புக் கடையில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அச்சுக்குப் பொருத்திவிடலாம்.

பட்டறைக்காரர்:
அந்த டிஸ்க்கில் எனக்கு உடன்பாடில்லை. மாஸ்டர் சிலிண்டரையும் மாற்ற வேண்டிவரும், அதோடு பணம் தீர்ந்துவிடும். நல்ல ஷூ போட்டுச் சரியாக இறுக்கிய டிரம், புறப்படும் கோட்டில் காரைப் பிடித்து நிறுத்துவதில் சளைத்ததல்ல. பின்னாளில் வேகத்தை 209க்கு ஏற்றினால் அடக்க வேண்டிய ஆற்றல் சுமார் 44 சதவீதம் கூடும். பெரிய பிரேக்குக்கு அப்போது செலவழியுங்கள்.

நீலமஸ்டாங்:
மூடியைத் திறந்தேன், டிகாக்ஷனேதான். ஆயில், ஹோஸ், பேட், ஷூ, லைன் லாக் ஆகியவற்றை வாங்குகிறேன். இன்னொரு சந்தேகம்: பெரிய கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டதிலிருந்து, கார் நிற்க எஞ்சின் சும்மா ஓடும்போது பெடல் கல்லாக இறுகுகிறது. இதுவும் ஆயிலாலா?

கால்மைல்:
இல்லை. அந்தக் கேமால் எஞ்சினின் வெற்றிடம் குறைந்து, அந்த வெற்றிடத்தால் பெடலை இலகுவாக்கும் பூஸ்டருக்குப் போதாமல் போகிறது. வெற்றிட ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெற்றிட அளவுமானியைச் செருகிக் கிடைக்கும் அளவை இங்கே எழுதுங்கள்.