புதுப்பிப்பு: சொற்களை எண்ணும் நிரல் சரியாகிவிட்டது

தமிழ்க் கோப்பு ஒன்றில் ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் என் பைதான் நிரல் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் முழுப் பட்டியலையும் அது மறுபடி துழாவியதே காரணம். அதற்குப் பதிலாக இப்போது பைதானிலேயே உள்ள கவுண்டர் (Counter) என்ற எண்ணும் கருவியைப் பயன்படுத்துகிறேன். அது பட்டியலை ஒரே ஒரு முறை படித்து எல்லாவற்றையும் எண்ணிவிடுகிறது.

ஆனால் பெரிய சிக்கல் பிறகுதான் தெரிந்தது. விடையில் 'கொடி' இரண்டு வரிகளில் வந்தது! கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் முறையான யூனிகோடில் 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். எண்ணுவதற்கு முன் அனைத்தையும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்திருக்கும் குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவத்துக்கு மாற்றினேன். இரண்டு வரிகளும் ஒன்றாகிவிட்டன. தமிழில் எண்ணுபவர்கள் தயவுசெய்து இந்தப் படியை விட்டுவிடாதீர்கள்.