ஸ்கொயர் ஒன்னிலிருந்து ஏரிக்கு நடையா?

கிழக்குக்கரை:
"ஸ்கொயர் ஒன் மாலில் கடை பார்த்துவிட்டு, கையில் ஒரு காபியோடு அப்படியே நடந்து ஏரிக்குப் போய்விடலாம்." கனடாவில் ரொறன்ரோவுக்கு மேற்கே ஒன்டாரியோ ஏரிக்கரையில் இருக்கும் மிசிசாகாவைப் பற்றி நேற்று இப்படி எழுதிய புண்ணியவான் யார்? ஊரிலிருந்து வந்திருக்கும் மாமாவும் மாமியும் இதைப் படித்துவிட்டு, நடக்கலாம் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். ஹூரான்டாரியோ ரோட்டில் ஏரிவரைக்கும் ஏழு கிலோமீட்டர் பக்கம் வரும். நடுவில் கியூஇடபிள்யூ நெடுஞ்சாலை வேறு. எழுதியவர் ஒருதரமாவது நடந்தாரா?

துறைமுகத் தெரு:
நான்தான் எழுதினேன். ஏரிக்கரை ஊர் என்றால் மாலுக்குள் அலை அடிக்க வேண்டுமா? எங்கள் ஊர் ஏரிக்கரையில் போர்ட் கிரெடிட் பக்கம் வந்து பாருங்கள். படகுத்துறை, கலங்கரை விளக்கம், செப்டம்பரில் கிரெடிட் ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறும் சால்மன். ரொறன்ரோ நடுவில் ஏரியைப் பார்க்க கார்டினர் நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் நுழைந்து போக வேண்டியிருக்கிறது.

கிழக்குக்கரை:
மீன் ஏறட்டும். நான் கேட்டது நடை. ஏழு கிலோமீட்டர்.

ஆலமரம்:
மிசிசாகா நகரப் பஸ்ஸான மைவேயின் 2ஆம் நம்பர், போர்ட் கிரெடிட் கோ ரயில் ஸ்டேஷன் வரைக்கும் போகிறதே. ஏறி உட்கார்ந்தால் சண்டை தீர்ந்தது.

கிழக்குக்கரை:
பஸ்ஸில் போவதற்குப் பெயர் நடையா? "அப்படியே நடந்து" என்று எழுதியிருக்கிறார் ஐயா. அந்த ரோட்டை எல்ஆர்டி என்ற இலகு ரயிலுக்காக 2020இல் தோண்டத் தொடங்கினார்கள். நடைபாதை சில இடத்தில் கம்பிவேலிக்குள் நெளிந்து, திடீரென்று எதிர்ப்பக்கம் தாவும். குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு போனால் சக்கரம் சரளையில் மாட்டும். காபியோடு போகிறாராம்!

துறைமுகத் தெரு:
ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் இருந்துகொண்டு எங்கள் நடைபாதையை அளக்க வந்துவிட்டார் அண்ணை. உங்கள் பிளஃப்ஸ் செங்குத்துக் கரையில் மட்டும் என்ன? 90 மீட்டர் உயரத்தில் நின்று ஏரியை எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். கீழே தண்ணீரைத் தொடப் போனால் கோடையில் கார் நிறுத்த இடம் கிடைக்காது.

கிழக்குக்கரை:
பிளஃப்ஸை இழுக்காதே தம்பி. எங்கள் பக்கத்துக் கொத்து ரொட்டியில் எண்ணெய் மிதக்கிறது என்று போன கோடையில் எழுதியதும் நீதானே? மறக்கவில்லை. ராத்திரி பசித்தால் காரை எடுத்துக்கொண்டு கிழக்கேதான் ஓடி வருகிறீர்கள். அப்புறம், ஏழு கிலோமீட்டருக்குப் பதில் எங்கே?

குருவி:
நான் இருப்பது மால்டன். அதுவும் மிசிசாகாதான். இங்கே ஏரியும் தெரியாது, அலையும் கேட்காது. தலைக்கு மேல் விமானம்தான். லேக்‌ஷோர் ரோட்டுக்காரர்கள் பெருமை அடித்துக்கொள்கிறார்கள், எங்களையும் கணக்கில் சேர்த்து.

துறைமுகத் தெரு:
பார்த்தீர்களா, பியர்சன் விமான நிலையமே எங்கள் ஊரில்தான் இருக்கிறது. பெயர் மட்டும் ரொறன்ரோவுக்கு! 1979இல் ரயில் தடம்புரண்டு குளோரின் கசிந்தபோது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி, ஓர் உயிர்கூடப் போகாமல் காத்த ஊர் இது. அப்போது மேயர் ஹேசல் மெக்காலியன். 2014 வரைக்கும் அந்த நாற்காலியை யாரும் அசைக்க முடியவில்லை.

கிழக்குக்கரை:
அந்த அம்மாவையே சாட்சிக்குக் கூப்பிட்டாலும் தூரம் குறையாது. ஏழு.

ஆலமரம்:
ஏழா, ஆறரையா? மாலின் எந்த வாசலிலிருந்து அளக்கிறீர்கள்?

கிழக்குக்கரை:
நீங்கள் யார் பக்கம்?

குருவி:
விமானச் சத்தத்தைப் பற்றி யாருமே பேச மாட்டீர்களா?

துறைமுகத் தெரு:
எழுதியதில் ஓர் எழுத்துகூட மாற்ற மாட்டேன். நடக்கத் தெம்பில்லாதவர்கள் பிளஃப்ஸ் மேலேயே நின்று எட்டிப் பார்க்கட்டும்.

கிழக்குக்கரை:
தெம்பைப் பற்றி நீ பேசுகிறாயா? சரி, ஏரியை விடு. முதலில் கொத்து ரொட்டி பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கு.