உதவி: நடுவில் கல்லூரி மாறினேன், ரெஸ்யூமில் எந்த சிஜிபிஏ போடுவது?

பென்னாகரம் பையன்
வணக்கம். பி.இ. மெக்கானிக்கல் கடைசி செமஸ்டரில் இருக்கிறேன். முதல் இரண்டு வருடம் வெளியூரில் ஒரு தன்னாட்சிக் கல்லூரி (தேர்வும் மார்க்கும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும்). அப்பாவுக்கு வண்டியில் அடிபட்டு இடுப்பு எலும்பு முறிந்தது. வீட்டில் ஆள் வேண்டுமென்று மூன்றாம் வருடம் தருமபுரி பக்கம் ஒரு கல்லூரிக்கு மாறி வந்துவிட்டேன். இது தன்னாட்சி இல்லை, நேரடியாக அண்ணா பல்கலைக்கழகத் தேர்வு.

பழைய கல்லூரியில் நான்கு செமஸ்டருக்குச் சேர்த்து சிஜிபிஏ, அதாவது பத்துக்கு எடுத்த சராசரித் தரப்புள்ளி, 6.4. ஓர் அரியரும் விழுந்தது (கணக்குதான், வேறென்ன), அடுத்த முறையே எழுதி முடித்துவிட்டேன். இங்கே மூன்று செமஸ்டருக்கு 8.3.

அடுத்த வாரம் ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் இன்டர்வியூ. 60 சதவீதம் இருந்தால் போதும் என்கிறார்கள். இன்னொரு கம்பெனியின் படிவத்தில் 7.5 சிஜிபிஏ கேட்கிறார்கள். பட்டம் இந்தக் கல்லூரி வழியாகத்தானே வரப்போகிறது, 8.3 மட்டும் போட்டால் தப்பா? நண்பன் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 7.35 போடச் சொல்கிறான். யாராவது வழி சொல்லுங்கள்.

மாங்கொட்டை
8.3 போடு தம்பி. பழைய கதையை யார் கேட்கப் போகிறார்கள்?

ஓசூர் இரண்டாம் ஷிப்ட்
கேட்பார்கள். நான் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த அன்று முதல் செமஸ்டரில் இருந்து எல்லா மார்க்‌ஷீட்டும் ஒரிஜினலோடு ஜெராக்ஸ், டி.சி. நகல் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். என்னோடு சேர்ந்த ஒருவர் 6.8-ஐ 7 என்று போட்டிருந்தார். அதை விளக்கி ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. வேலை போகவில்லை. ஆனால் நிரந்தரம் ஆகும்வரை ஆள் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

உன் மார்க்‌ஷீட்டிலேயே இரண்டு கல்லூரிப் பெயர் இருக்கும். மறைக்க இடமே இல்லை தம்பி.

பாலக்கோடு அக்கா
பிளேஸ்மென்ட் வேலை சில வருடம் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். முதலில் மூன்று கேள்வி. இரண்டு கல்லூரியும் சேர்ந்த ஒரே சிஜிபிஏ எந்தத் தாளிலாவது அச்சாகி இருக்கிறதா? இரண்டு இடத்திலும் முடித்த கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடை) எவ்வளவு? மாறி வந்தபோது கூடுதலாகப் பாடம் எழுதச் சொன்னார்களா?

பென்னாகரம் பையன்
அச்சான ஒரே எண் இதுவரை இல்லை அக்கா. பழைய தாள்கள் அந்தக் கல்லூரி கொடுத்தவை, புதியவை பல்கலைக்கழகம் கொடுத்தவை. அங்கே 92 கிரெடிட், இங்கே 63. ஆமாம், அங்கே நடத்தாத இரண்டு பாடம் ஐந்தாம் செமஸ்டரோடு சேர்த்து எழுதினேன். அந்த 63-இல் அவையும் அடக்கம்.

பாலக்கோடு அக்கா
அப்படியென்றால் உன் நண்பனின் 7.35-ஐ முதலில் தூக்கிப் போடு. சிஜிபிஏ-வை அப்படிச் சராசரி எடுக்கக் கூடாது. கிரெடிட்டால் பெருக்கித்தான் கூட்ட வேண்டும்.

92 × 6.4 = 588.8
63 × 8.3 = 522.9
மொத்தம் 1111.7, அதை 155-ஆல் வகுத்தால் 7.17.

பழைய கல்லூரியின் கிரெடிட் அதிகம், அதனால் எண் அந்தப் பக்கம் சாய்கிறது. உன் நண்பன் பொய் சொல்லச் சொல்லவில்லை, கணக்கில்தான் கோட்டைவிட்டான். ஆனால் பார்க்கிறவருக்குப் பொய்க்கும் கணக்குப் பிழைக்கும் வித்தியாசம் தெரியாது.

இந்த 7.17-ஐயும் தனியாகப் போடாதே. அது நீ கணக்கிட்டது, யாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது இல்லை. தரப்புள்ளி முறையும் எல்லா இடத்திலும் ஒன்று கிடையாது. அண்ணா பல்கலைக்கழகத்திலேயே பார், 2017 விதிமுறையில் 52 மார்க்குக்கு பி, 6 புள்ளி. 2021 விதிமுறையில் அதே 52-க்கு சி, 5 புள்ளிதான். தன்னாட்சிக் கல்லூரி தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கலாம். பழைய மார்க்‌ஷீட்டின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்.

அதனால் படிப்பு என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரியாகவே எழுது. டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் வருடம் சேர்ந்தவர்கள் டிப்ளமோ மார்க்கைத் தனி வரியில் போடுவார்களே, அதே மாதிரி. யாரும் அதைக் குறையாகப் பார்ப்பதில்லை. புதிய கல்லூரி மேலே, பழையது கீழே. ஒவ்வொன்றுக்கும் எந்த செமஸ்டர் முதல் எந்த செமஸ்டர் வரை என்று எழுதிவிடு. எட்டாவது ரிசல்ட் வந்து ஒருங்கிணைந்த மதிப்பெண் சான்றிதழ் கையில் கிடைத்ததும், அதில் உள்ள எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம்.

மாங்கொட்டை
சரிங்க அக்கா, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் 7.5 கேட்கிற கம்பெனி?

பாலக்கோடு அக்கா
அதற்கு விண்ணப்பிக்க வேண்டாம். ரெஸ்யூமில் இரண்டு வரி எழுதலாம், படிவத்தில் ஒரே கட்டம்தான் இருக்கும், அடியில் 'மேற்கண்ட விவரங்கள் உண்மை' என்று டிக் வேறு அடிக்க வேண்டும். அங்கே மொத்த எண்தான் நியாயம். ரொம்ப ஆசையாக இருந்தால் அவர்களுக்கு மெயில் போட்டு, மாறி வந்தவர்களுக்கு எந்த எண்ணை எடுப்பீர்கள் என்று கேள். பதில் வந்தால் அதை வைத்துக்கொள்.

ஓசூர் இரண்டாம் ஷிப்ட்
ஓசூர் கம்பெனிக்குக் கவலையே வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகக் கணக்குப்படி 7.17-ஐ 10-ஆல் பெருக்கினால் 71.7 சதவீதம். பெங்களூரு பக்கம் படித்து வருகிற சிலருக்கு 0.75 கழித்துவிட்டுப் பெருக்குகிற வழக்கம் உண்டு, அப்படிப் போட்டாலும் 64.2. எப்படிப் பார்த்தாலும் 60-க்கு மேல்.

அரியர் கேள்வியைக் கவனமாகப் படி. இப்போது நிலுவையில் அரியர் உண்டா என்றால் இல்லை. எப்போதாவது இருந்ததா என்றால் ஒன்று. இரண்டும் தனித்தனிக் கேள்வி, பதற்றத்தில் இரண்டுக்கும் 'இல்லை' போட்டுவிடுவார்கள்.

பாலக்கோடு அக்கா
நல்ல வேளை சொன்னீர்கள். தம்பி, அந்த இரண்டு கூடுதல் பாடமும் ஐந்தாம் செமஸ்டர் தாளில் பழைய செமஸ்டர் எண்ணோடு இருக்கிறதா பார். இருந்தால் மேலோட்டமாகப் பார்க்கிறவருக்கு அரியர் மாதிரியே தெரியும். கல்லூரி மாறியபோது கொடுத்த பாட இணைத்தன்மைக் கடிதத்தை (அங்கே படித்த எந்தப் பாடம் இங்கே எதற்குச் சமம் என்று சொல்வது) ஒரு நகல் எடுத்து ஃபைலில் வை.

மாறிய காரணத்தை ரெஸ்யூமில் எழுதாதே. கேட்டால் 'அப்பாவுக்கு விபத்து, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி நிறுத்திவிடு. பழைய ஹாஸ்டல் சாப்பாடு வரைக்கும் போக வேண்டாம்.

பென்னாகரம் பையன்
மார்க்‌ஷீட் பார்த்துவிட்டேன். அக்கா சொன்ன மாதிரியே அந்த இரண்டு பாடத்துக்கும் பக்கத்தில் 03, 04 என்று இருக்கிறது. கடிதம் பீரோவில் அம்மாவின் ரேஷன் கார்டு கவரில் கிடைத்தது.

இப்படி எழுதியிருக்கிறேன்:
பி.இ. மெக்கானிக்கல், இப்போதைய கல்லூரி, 5 முதல் 7-ஆம் செமஸ்டர் வரை: 8.3
பி.இ. மெக்கானிக்கல், முந்தைய கல்லூரி, 1 முதல் 4-ஆம் செமஸ்டர் வரை: 6.4 (கல்லூரி மாற்றம்)
மொத்தம், கிரெடிட் அடிப்படையில் நானே கணக்கிட்டது: 7.17

பாலக்கோடு அக்கா
சரியாக இருக்கிறது. எட்டாவது செமஸ்டர் நடந்துகொண்டிருக்கிறது என்று முதல் வரியில் சேர்த்துவிடு, இல்லாவிட்டால் படிப்பைப் பாதியில் விட்டவன் என்று நினைப்பார்கள்.

ஓசூர் இரண்டாம் ஷிப்ட்
காலையில் சீக்கிரமே பஸ் ஏறிவிடு, கிருஷ்ணகிரி தாண்டினால் லாரி நெரிசல். ஒரிஜினலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொள்.