வித்தியாசமான டேலியா நாற்று: வைத்துக்கொண்டீர்களா, பிடுங்கினீர்களா?

மழைத்தோட்டம் (ஸ்கேஜிட் பள்ளத்தாக்கு, வாஷிங்டன்)

இங்கே எல்லோரும் விதை போட்டுப் பார்க்கிறவர்கள் என்பதால் முன்கதையை விட்டுவிடுகிறேன். தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிட்ட விதைதான், எது எப்படிப் பூக்கும் என்று சொல்ல முடியாது. வந்தவற்றில் பெரும்பாலானவை வழக்கம்போல நடுவில் மஞ்சள் வட்டம் தெரியும் ஒற்றை அடுக்குப் பூக்கள். அவற்றுக்கு நடுவே ஒன்று மட்டும் முழு அடுக்கு. நல்ல கருஞ்சிவப்பு, ஒவ்வோர் இதழின் நுனியிலும் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் வெள்ளை. அன்றைக்கே பெயர்கூட யோசித்துவிட்டேன்.

இலையுதிர்காலத்தில் கிழங்கைத் தோண்டி இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதி எனக்கு, மறுபாதி போர்ட்லாந்தில் இருக்கும் தோழிக்கு. விதைபோல் அல்ல, கிழங்கிலிருந்து அதே பூதான் வர வேண்டும். அடுத்த கோடையில் என் செடியில் மொட்டு விரிந்தபோது வெள்ளையைக் காணோம். அடியிலிருந்து நுனிவரை ஒரே சிவப்பு. கடையில் வாங்கினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத சிவப்பு. அதே வாரம் தோழி படம் அனுப்பினாள். அவளுடைய பூவில் வெள்ளை பாதி இதழ்வரை இறங்கியிருந்தது. "நான் கொடுத்த கிழங்குதானா இது, வேறு எதையாவது மாற்றி நட்டுவிட்டாயா?" என்று கேட்டுவிட்டேன். "சீட்டில் உங்கள் கையெழுத்துத்தான் அக்கா இருக்கிறது" என்றாள். குரலில் வருத்தம் தெரிந்தது.

செப்டம்பரில் என் செடியின் அடிக்கிளை ஒன்றில் ஒரு பூ வந்தது. ஒரு பக்கம் முழுச் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை நுனி. கோடு போட்டதுபோல் நேர்பாதி. அந்தப் பூவைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தெளிவே இல்லை. இதில் எதை "என் ரகம்" என்று சொல்வது?

கோத்தகிரிவாசி

உங்களுக்காவது நிறம் மட்டும்தான் போனது. எனக்கு வந்தது பச்சைப் பூ.

இதழ் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சின்னச் சின்ன இலைகள், அடுக்கடுக்காக, ஒழுங்காக. பார்க்க அழகாகவே இருந்தது. தெருவில் போகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். நர்சரி வைத்திருக்கும் ஒருவர் வந்து, கிழங்கு எடுக்கும்போது கேட்ட விலை தருவதாகச் சொன்னார். மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்குத் தொட்டியோடு கொண்டுபோகலாம் என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் என் மனைவியின் பெரியப்பா வந்தார். தோட்டக்கலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் டேலியாவைக் காட்டக் கூட்டிப்போனால், அவர் அதைத் தாண்டிப் போய் செண்டுமல்லிப் பாத்தியருகே நின்றுவிட்டார். "மாப்பிள்ளை, இது எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது?" செண்டுமல்லியிலும் இரண்டு பூக்கள் பச்சை. ஒன்றின் நடுவிலிருந்து குட்டித் தளிர் ஒன்று கிளம்பியிருந்தது. நான் அதுவரை அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. "டேலியாவில் புது ரகம் பிறந்தால் செண்டுமல்லியிலும் சேர்ந்தா பிறக்கும்?" என்றார். கையில் கொடுத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

பைட்டோபிளாஸ்மா. தத்துப்பூச்சி சாறு உறிஞ்சும்போது செடிக்குச் செடி ஏற்றிவிடுகிற நோய். பூவை இலையாக மாற்றிவிடும். மருந்து கிடையாது. அன்று மாலையே பிடுங்கி எரித்தோம். வீட்டில் அரை மனதுதான்.

இன்னும் உறுத்துவது அது அல்ல. அந்த நர்சரிக்காரர் முதல்நாளே நான்கு தண்டுத் துண்டுகள் ஒடித்துக்கொண்டு போயிருந்தார். எரித்துவிடச் சொல்லி அழைத்தேன். "நன்றாக வேர் பிடித்திருக்கிறது சார்" என்று சந்தோஷமாகச் சொன்னார். அதற்குப் பிறகு என் அழைப்பை எடுப்பதில்லை.

கிழங்குப்பெட்டி (பிரிட்டிஷ் கொலம்பியா)

என் கதை சின்னது. பந்து வடிவில், பீச் நிறத்தில், குறையே சொல்ல முடியாத ஒரு நாற்றுப் பூவை உள்ளூர்ச் சங்கத்தின் மேசையில் வைத்தேன். நடுவர்கள் வருவதற்குள் கழுத்து வளைந்து, பூ மேசை விரிப்பைப் பார்த்தபடி கவிழ்ந்துவிட்டது. மூன்று நடுவர்களும் குனிந்து அதன் முகத்தைத் தேடியது இன்றும் கண்ணில் நிற்கிறது.

மழைத்தோட்டம் அக்கா, இரண்டுமே உங்கள் செடிதான். இருநிற டேலியாவில் வெள்ளையாகத் தெரிகிற இடத்தில் நிறமிக்கான மரபணு இல்லாமல் போகவில்லை. அங்கே அது வாயடைத்துக் கிடக்கிறது. ஜப்பானில் இருநிற ரகங்களை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த அடைப்பு சில கிளைகளில் விட்டுவிடும். உடனே முழுச் சிவப்பு. அதனால் இருநிறத்தில் எதையும் மூன்று பருவம் பார்க்காமல் பெயர் வைக்கக் கூடாது. உங்கள் தோழியிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

கேட்காமலே சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், புதியவர்கள் படிப்பார்கள். முதல் வருடம் கழிப்பதற்கு மட்டும், தேர்ந்தெடுப்பதற்கு அல்ல. விதையிலிருந்து வந்த செடி வேறு, கிழங்கிலிருந்து இரண்டாம் வருடம் எழும் செடி வேறு. அடுக்கு கூடும், உயரம் மாறும். பூவை முன்பக்கம் பார்த்து மயங்காதீர்கள். முதலில் பின்பக்கம் போய்க் கழுத்தையும் காம்பையும் பாருங்கள். காம்பு தாங்காத பூ எவ்வளவு அழகானாலும் உரக்குழிக்குத்தான். பிறகு காலம். ஆகஸ்டில் நடுவட்டம் தெரிந்தால் கழித்துவிடலாம். செப்டம்பர் கடைசியில் தெரிந்தால் அது செடியின் குற்றம் அல்ல. பகல் குறையும்போது நல்ல அடுக்குப் பூவும் நடுவைத் திறந்துவிடும். தட்டையான தண்டு, முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டைப் பூ இதெல்லாம் பெரும்பாலும் குருத்தில் பட்ட அடி அல்லது குளிர். அடுத்த வருடம் வராது. அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், கிழங்கை வைத்துக்கொள்ளாதீர்கள். இலை நரம்பை ஒட்டி மஞ்சள் ஓடினால் வைரஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அசுவினி பரப்பும் டேலியா மொசைக் விதை வழியாகவும் வருவது தெரிந்த விஷயம். "விதையில் வந்ததாயிற்றே, சுத்தமாகத்தான் இருக்கும்" என்ற நம்பிக்கை வேண்டாம். கத்தியைச் செடிக்குச் செடி துடையுங்கள்.

கடைசியாகக் கிழங்கு. பிரிக்கும்போது கழுத்து ஒடிகிறதா, முளைக்கண் தெளிவாகத் தெரிகிறதா, மார்ச்சில் பெட்டியைத் திறந்தால் சுருங்கியிருக்கிறதா, அழுகியிருக்கிறதா? கிழங்கு வைக்காத நாற்று, குளிர்காலம் தாங்காத நாற்று, பூ என்னவாக இருந்தாலும் ரகமே அல்ல. அமெரிக்க டேலியா சங்கத்தின் சோதனைத் தோட்டங்களில் புது ரகம் சராசரியாக 85 மதிப்பெண் எடுக்க வேண்டும். நம் வீட்டுக் கொல்லையில் நாமே நூறு கொடுத்துக்கொள்வதில் பயன் இல்லை.

நுவரெலியாத் தோட்டம்

கிழங்குப்பெட்டி அண்ணா சொல்வது வட அமெரிக்காவுக்குச் சரி. எங்களுக்குச் சரிவராது. நாங்கள் நிலநடுக்கோட்டுக்கு அருகில், ஏழாவது பாகை அகலக்கோட்டில் இருக்கிறோம். ஆண்டு முழுவதும் பகல் பன்னிரண்டு மணித்தியாலத்தை ஒட்டியே நிற்கும். ஆகஸ்டில் திறந்தால் குற்றம், செப்டம்பரில் திறந்தால் மன்னிப்பு என்ற கணக்கு எங்களிடம் செல்லாது. இங்கே மழைதான் நடுவர்.

என்னுடைய கன்று மழையில்தான் தெரிந்தது. யூன் மாதம், விடாத மழை. பாத்தியில் இருந்த தட்டு அளவுப் பூக்கள் எல்லாம் தண்ணீர் குடித்துக் கனத்து நிலத்தில் படிந்துவிட்டன. விடியற்காலையில் குடையோடு போனேன். ஒன்று மட்டும் நிமிர்ந்து நின்றது. அல்லிப்பூ வடிவம், இளமஞ்சள், அகன்ற இதழ். இதழின் வளைவில் தண்ணீர் தேங்காமல் வழிந்து ஓடியது. பூவைச் சுண்டிப் பார்த்தேன், விறைப்பாக இருந்தது. நிறத்தில் புதுமை எதுவும் இல்லை. எனக்கு அதுவே புதுமையாகப்பட்டது.

தோண்டிப் பார்த்தால் கிழங்கே இல்லை. நூல் நூலாக வேர்கள் மட்டும். அண்ணாவின் சட்டப்படி உரக்குழி. ஆனால் தை, மாசி நிலப்பனியிலிருந்து மட்டும் மறைத்துவிட்டால் எங்களுக்குக் கிழங்கை எடுத்துப் பெட்டியில் வைக்க வேண்டிய தேவையே இல்லை. தண்டுத் துண்டு வைத்தே அதைக் காப்பாற்றி வருகிறேன். அக்கம்பக்கத்தில் நாலு வீட்டில் நிற்கிறது. "ரகமே அல்ல" என்பது மிகப் பெரிய சொல்.

இன்னொன்று. 1872இல் மெக்சிகோவிலிருந்து நெதர்லாந்துக்குப் போன பெட்டியில் ஒரே ஒரு கிழங்குதான் பிழைத்தது என்பார்கள். மற்றதெல்லாம் அழுகல். அதிலிருந்து முளைத்ததுதான் சுருள் இதழ் கொண்ட சிவப்பு. இன்றைய கள்ளி வகை டேலியாக்களுக்கு அதுவே மூதாதை. பெட்டியே அழுகிவிட்டது என்று அவர்கள் குப்பையில் கொட்டியிருந்தால்?

கிழங்குப்பெட்டி

தம்பி, அந்தக் கதையை நீங்களே எனக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டீர்கள். கடல் கடந்து, அழுகலுக்கு நடுவே பிழைத்த கிழங்கு அது. நான் கேட்பதும் அந்தத் தெம்பைத்தான். பனி உறையும் ஊரில் உங்கள் அல்லிப்பூவை யாரிடம் கொடுப்பீர்கள்? நுவரெலியாவுக்குள் மட்டும் வாழ்கிற செடி என்றால் அப்படிச் சொல்லிக் கொடுங்கள், சண்டை இல்லை.

அலாட்மென்ட்டில் நான் (லண்டன்)

சண்டைக்கு நடுவே என்னுடையதையும் போட்டுவிடுகிறேன். "பிஷப் ஆஃப் லாண்டாஃப்" என்ற கருநிற இலை டேலியா ரகத்தின் வழிவந்த விதைக் கலவை. கருஞ்செம்பு இலை வேண்டும் என்பதற்காக, விதையிலை நிலையிலேயே பச்சைத்தண்டு நாற்றுகளை எல்லாம் கழித்துவிடுவேன். அதுவரை எல்லாம் சரி.

என் அலாட்மென்ட்டில் (பொதுத் தோட்டத்தில் வாடகைக்கு எடுத்த துண்டு நிலம்) மிஞ்சிய ஒன்று சாதாரண ஆரஞ்சுப் பூ. ஒரு நாள் காலை வெயில் ஏறும் நேரத்தில் களை எடுக்கக் குனிந்தேன். வாசனை அடித்தது. டேலியாவில் வாசனை! சுற்றிலும் பார்த்தேன், பக்கத்தில் வேறு பூ இல்லை. மூக்கைக் கொண்டுபோய் வைத்தேன். தேனில் ஏலக்காய் போட்டதுபோல, லேசாக. அடுத்த பாத்திக்காரரான முதியவரைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். அவர் நிதானமாக முகர்ந்துவிட்டு, "ஈரமண்" என்றார். என் மகளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. மதியம் எனக்கே தெரியவில்லை.

இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று யாராவது சொல்லுங்கள். காம்பு, கழுத்து பற்றிச் சொல்ல வேண்டாம், அவை இரண்டும் நன்றாகவே இருக்கின்றன.

கோத்தகிரிவாசி

லண்டன் அம்மா, ஒரே மூக்கை நம்ப வேண்டாம். ஒரு பூவை வெட்டிக் கண்ணாடிக் குவளையில் போட்டு மூடி, சிறிது நேரம் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். இரண்டாவது குவளையில் வேறு டேலியா, மூன்றாவதில் வெறும் இலை. எது எது என்று சொல்லாமல் நான்கைந்து பேரிடம் நீட்டுங்கள். பெரியப்பா ரோஜாவுக்கு இப்படித்தான் செய்வாராம்.

கிழங்குப்பெட்டி அண்ணா, ஒரு சந்தேகம். நீங்கள் சொன்ன பட்டியலைப் பின்பற்றியிருந்தால் என் பச்சைப் பூவை நான் வைத்துக்கொண்டிருப்பேன். காம்பு உறுதி, கழுத்து உறுதி, நரம்பில் மஞ்சள் இல்லை. செடியை மட்டும் பார்க்கிற பட்டியலில் அது தேறிவிடுகிறது. பக்கத்துப் பாத்தியைப் பார்க்க வேண்டும் என்பதை நீங்கள் எங்கும் சொல்லவில்லையே.

கிழங்குப்பெட்டி

அது அடிப்படை என்று நினைத்து விட்டுவிட்டேன். சரி, சேர்த்துக்கொள்ளுங்கள்: திடீரென்று வித்தியாசமாகத் தெரிகிற எதற்கும் முதலில் அக்கம்பக்கத்துச் செடிகளைப் பார்ப்பது, பிறகு அந்த நாற்றைத் தனியாகத் தொட்டியில் பிரித்து வைப்பது, துண்டு ஒடித்து யாருக்கும் கொடுக்காமல் இருப்பது. நர்சரிக்காரருக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். அவர் பூவைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டார். அந்த செண்டுமல்லியின் படத்தைக் காட்டினால் பயந்துவிடுவார்.

வாசனைக்கு மதிப்பெண் அட்டையில் இடம் கிடையாது. அதற்காகக் கழிக்கவும் வேண்டாம். அதன் பூவில் வேறொன்றின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு, வலைப்பை கட்டி விதை எடுங்கள். தோட்ட டேலியாவுக்கு ஒவ்வொரு குரோமோசோமிலும் எட்டுப் பிரதிகள், மொத்தம் 64. ஒரு குணம் அடுத்த தலைமுறையில் எங்கே போய் ஒளியும் என்று யாராலும் சொல்ல முடியாது. நிறைய விதை போட வேண்டியிருக்கும்.

மழைத்தோட்டம்

தோழியிடம் பேசிவிட்டேன். கோபம் தணிந்திருக்கிறது, கிழங்கில் ஒரு துண்டு திரும்பத் தருவதாகச் சொல்கிறாள். என்னுடைய பாதிப்பூ வந்த கிளையிலிருந்து துண்டு எடுக்கப் பார்த்தேன், முதல் பனி அதற்குள் செடியைக் கருக்கிவிட்டது. வசந்தத்தில் மூன்றையும் ஒரே பாத்தியில் நடுகிறேன்: அவளுடைய கிழங்கு, என்னுடைய சிவப்பு, என் கொத்தில் அந்த அடிக்கிளைப் பக்கம் இருந்த கிழங்கு. கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் வருமா என்று கேட்டால்?

கிழங்குப்பெட்டி

வராது. கிழங்கு எந்தப் பக்கம் இருந்தாலும் முளைக்கண் ஒரே அடித்தண்டிலிருந்துதான் வருகிறது. ஆனாலும் நடுங்கள். சீட்டைத் தெளிவாக எழுதுங்கள்.