மறு: டார்டன் = குலக்கட்டம்?

> ஸ்காட்லாந்துல ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம், அதனால குலக்கட்டம்னே வெச்சிடலாம்

அண்ணா, டார்டன்ங்கிற ஸ்காட்லாந்துக் கட்டத்துணிக்கு நம்ம கலைச்சொல் பட்டியல்ல நீங்க சொன்ன சொல் கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா வரலாறு இடிக்குது. குலத்துக்கு ஒரு டார்டன்ங்கிறது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு சமாச்சாரம். 1703ல மார்ட்டின் மார்ட்டின்னு ஒரு ஸ்காட்லாந்து எழுத்தாளர் எழுதினதுல, கட்டத்த பாத்தா ஆள் எந்த ஊர்ப் பக்கத்துக்காரன்னு சொல்லிடலாம்னுதான் இருக்கு, என்ன குலம்னு இல்ல. 1746ல ஹைலேண்ட்காரங்க (ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆளுங்க) அரசுப் படைகிட்ட தோத்த கலோடன் சண்டைய டேவிட் மோரியர்ங்கிற ஓவியர் வரைஞ்ச படத்துல ஒரே ஆள் மேலயே ரெண்டு மூணு தினுசு டார்டன் கெடக்கு. அந்தச் சண்டைக்கப்புறம் ஹைலேண்ட் உடுப்புக்கே தடை, 1782ல தான் நீக்குனாங்க (ராணுவத்துக்கு விலக்கு உண்டு). அப்புறம் 1822ல பிரிட்டிஷ் ராஜா நாலாம் ஜார்ஜ் எடின்பரோ வர்றாரு, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு, பெரிய மனுசங்கெல்லாம் டார்டன் கட்டிக்கிட்டு வரணும், பேனக்பர்ன்ங்கிற ஊர்ல இருந்த வில்சன் நெசவுக் கம்பெனிக்கு ஆர்டர் குவியுது. மக்ஃபெர்சன் குலத்துக்குப் போன டார்டன் கதைய கேளுங்க, முதல்ல அது வில்சன் கடைல வெறும் நம்பர், அப்புறம் கிட்னு ஒரு ஆள் வெஸ்ட் இண்டீஸ் அடிமைகளுக்கு உடுப்பு தைக்க மொத்தமா வாங்கினதால "கிட்", அதுக்கப்புறம்தான் "மக்ஃபெர்சன்"! இத நாம குலக்கட்டம்னு எழுதுனா கடைக்காரர் ஒட்டுன லேபிளுக்கு அகராதில இடம் குடுத்த மாதிரி ஆயிடும்.

இன்னைக்கும் கனடால நோவா ஸ்கோஷியா மாகாணத்துக்கு டார்டன் இருக்கு, ஊருக்கு இருக்கு, கம்பெனிக்கு இருக்கு, ஸ்காட்லாந்துல 2009ல இருந்து டார்டனுக்கு அரசாங்கப் பதிவேடே இருக்கு. இதுல குலம் எங்க வருது?

பேரு நெசவுலேர்ந்து வரணும்ங்கிறது என் கட்சி. பாவுல (நீள இழை) எந்த வரிசைல எந்த நிறத்துல எத்தன இழை வருதோ பொதுவா அதே வரிசை அப்படியே ஊடைலயும் (குறுக்கு இழை) வரும், நெசவுல ஊடை ரெண்டு பாவு இழைக்கு மேல, ரெண்டுக்குக் கீழன்னு போகும், அதனால ரெண்டு நிறம் குறுக்க வர்ற இடத்துல சாய்கோடா ஒரு கலப்பு நிறம் தெரியும். ரெண்டு சாயம் போட்டா மூணு நிறம், ஆறு போட்டா 21. நம்ம லுங்கியும் மெட்ராஸ் செக்கும் கட்டம்தான், ஆனா சாதா நெசவு, அந்தச் சாய்கோடு கெடையாது. வெறும் "கட்டத்துணி" பத்தாதுன்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

என் பரிந்துரை: பாவும் ஊடையும் ஒரே வரிசைல இணையா வர்றதால டார்டன் - இணைக்கட்டம். அந்தத் திரும்பத் திரும்ப வர்ற வரிசைக்கு (அவங்க செட்-ங்கறாங்க, டென்னிஸ் செட் இல்ல) - இழைவரிசை. ப்ளைட்ட (plaid) இதுல சேக்காதீங்க, ஸ்காட்லாந்தோட கேலிக் மொழில அது போர்வை, அமெரிக்காக்காரங்கதான் துணிக்கே அந்தப் பேர வெச்சுட்டாங்க.

---

> டார்டன் - இணைக்கட்டம்

தம்பி, குலம் போச்சு, ஒத்துக்கிட்டேன். ஆனா இணைன்னா கணக்குப் பாடத்துல இணைகோடு, கரண்டு பாடத்துல இணைச்சுற்று, பசங்க பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கட்டம்னு நெனைக்கும். நீ சொன்ன விசயமே பாவுல இருக்கறது ஊடைல மறுபடி வருதுங்கறதுதான, அப்ப "மறுவரிக் கட்டம்"? இழைவரிசை ஓகே, அத இன்னைக்கே பட்டியல்ல ஏத்திடறேன். டார்டன் வரிக்கு எதிர்ல இப்போதைக்கு டார்டன்னே கெடக்கட்டும், கில்ட்ட (ஸ்காட்லாந்து ஆம்பளைங்க கட்டுற பாவாடை) அப்படித்தான வெச்சிருக்கோம்.