வளவில் ஒரு ஃபங்க் இரவு: டிஜேயையும் நேரடி இசைக்குழுவையும் இணைப்பது எப்படி?

கானாடுகாத்தான்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான எங்கள் பழைய செட்டிநாட்டு வீட்டைச் செப்பனிட்டு முடித்திருக்கிறோம். பொங்கல் விடுமுறைக்கு ஊர் திரும்பும் உறவினர்களும் நண்பர்களுமாக ஏறத்தாழ 120 பேர் கூடும் ஓர் இசை இரவை அங்கே நடத்த விரும்புகிறோம். டிரம்ஸ், பேஸ் கித்தார், கித்தார், கீபோர்டு, சாக்ஸபோன் என ஐவர் கொண்ட ஃபங்க் (தாளத்தை முன்னிறுத்தும் அமெரிக்க ஆடல் இசை) குழு ஒன்று சென்னையிலிருந்து வருகிறது. ஹவுஸ் எனும் மின்னணு நடன இசையை ஒலிக்கவிடும் இரண்டு டிஜேக்களும் வருகிறார்கள்.

இதேபோன்ற நிகழ்ச்சி ஒன்றுக்குச் சென்ற ஆண்டு வெளியூரில் போயிருந்தேன். குழு வாசித்து முடித்ததும் கம்பிகளைக் கழற்றி மாட்டவே இருபது நிமிடம் ஆகிவிட்டது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். பிறகு திரும்பவே இல்லை. எங்கள் வீட்டில் அப்படி நடந்துவிடக் கூடாது என்பதால், டிஜேக்களை முகப்பிலும் குழுவினரை வளவின் (வீட்டு நடுவே வானம் பார்த்த முற்றத்தின்) மறுகோடியிலும் அமர்த்தி, ஒருவர் முடிக்குமுன்பே மற்றவர் தொடங்கும்படி செய்யலாம் என நினைக்கிறேன். இது சரிவருமா? வேகம் வேறுபடும் இரண்டு இசைகளை இடைவெளி தெரியாமல் எப்படிச் சேர்ப்பது?

தாளக்காரன் எழுதியது:

காரைக்குடியில் பிறந்து, இப்போது சென்னையில் டிரம்ஸ் வாசிக்கிறேன். முதலில் ஒரு வேண்டுகோள்: டிஜேயையும் டிரம்ஸ் வாசிப்பவரையும் பிரிக்காதீர்கள். கையை நீட்டினால் தொடும் தூரத்தில் இருவரும் இருக்க வேண்டும்.

காரணம் எளிது. நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். முகப்பிலிருந்து வளவின் கோடி வரை 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், டிஜே அடிக்கும் அடி குழுவினரின் காதுக்கு வர 57 மில்லிநொடி ஆகும். நிமிடத்துக்கு 116 அடி என்ற வேகத்தில் ஓர் அடியின் கால் பங்கே 129 மில்லிநொடிதான். அதில் கிட்டத்தட்ட பாதி அளவு பிந்தி வரும் தாளத்தோடு எந்த டிரம்ஸ் கலைஞரும் ஒட்டி வாசிக்க முடியாது.

116 என்ற எண்ணைக் காரணத்தோடுதான் சொல்கிறேன். ஃபங்க் பாட்டுகள் பெரும்பாலும் 100 முதல் 110 அடிக்குள் நடக்கும். ஹவுஸ் 124 அடியை ஒட்டி ஓடும். டிஜேக்கள் பயன்படுத்தும் வழக்கமான டர்ன்டேபிளில் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவியில்) வேகத்தை 8 விழுக்காடு வரைதான் கூட்டவோ குறைக்கவோ இயலும். 108இல் வாசிக்கும் குழு இரண்டு மூன்று பாட்டுகளில் மெல்ல ஏறி 116க்கு வரட்டும்; டிஜேயும் 124இலிருந்து இறங்கி அங்கேயே சந்திக்கட்டும். ஆனால் அவ்வளவு இறக்கும்போது இசைத்தட்டின் சுருதி ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் சற்று அதிகமாகவே கீழே போய்விடும். அதன்மேல் சாக்ஸபோன் வாசித்தால் காது கூசும். எனவே சந்திக்கும் இடத்தில் டிஜே தாளம் மட்டும் உள்ள பகுதியையே ஒலிக்கவிட வேண்டும், அல்லது சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். டிரம்ஸ் வாசிப்பவரின் ஹெட்போனுக்கு டிஜேயின் கருவியிலிருந்து நேரடி இணைப்பு கொடுத்துவிடுங்கள்.

இந்த இரண்டு இசையும் அந்நியமானவை அல்ல என்பதையும் சொல்ல ஆசைப்படுகிறேன். 1960களின் நடுவில் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன், நான்கு அடிச் சுற்றில் இரண்டாவது நான்காவது அடிகளில் இருந்த அழுத்தத்தை முதல் அடிக்குக் கொண்டுவந்தார். தவிலில் எத்தனை கணக்குப் போட்டாலும் சமத்தில், அதாவது தாளச் சுற்றின் முதல் அடியில், வந்து விழும்போது கூட்டம் தலையாட்டுகிறதே, அந்த இன்பம்தான் ஃபங்கின் முதல் அடியிலும் இருக்கிறது. 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க், ஃபங்க் இசைத்தட்டுகளில் மற்ற வாத்தியங்கள் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளை, ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து நீட்டிக்கொண்டே போனார். ஆட வந்தவர்கள் அந்த நொடிகளுக்காகவே காத்திருந்தார்கள். அதே நொடிகளில்தான் உங்கள் டிஜேயும் குழுவும் கைகோக்க வேண்டும்.

தேவகோட்டை மைக்செட் எழுதியது:

தாளக்காரர் சொன்னதை வழிமொழிகிறேன். நான் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இத்தகைய வீடுகளில் பலமுறை கருவிகளை இறக்கி ஏற்றியிருக்கிறேன்.

ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, முட்டை வெண்கரு கலந்து கண்ணாடிபோல் இழைத்த சுண்ணாம்புச் சுவர், பளிங்கு, தேக்குத் தூண் ஆகிய எதுவும் ஒலியை உறிஞ்சாது. அடித்த அடி சுவருக்குச் சுவர் திரும்பி வரும். ஃபங்கில் அடிக்கும் அடிக்கும் இடையிலுள்ள மௌனம்தான் உயிர், அது எதிரொலியில் கரைந்துவிடும். ஒலியைக் கூட்டினால் தெளிவு வராது, குழப்பம்தான் கூடும். பட்டாலையில் (வளவை ஒட்டிய கூடத்தில்) பவானி ஜமக்காளங்களை விரியுங்கள். குழுவுக்குப் பின்னால் கனத்த துணியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். சுவரில் ஆணி மட்டும் அடித்துவிடாதீர்கள், அந்தப் பூச்சு பெயர்ந்தால் மீண்டும் பூச ஆள் கிடைப்பது அரிது.

வரிசையாக மாட்டியிருக்கும் பழைய புகைப்படங்களை முதல் நாளே இறக்கி வையுங்கள். ஒருமுறை பேஸ் கித்தாரின் கீழ்ச் சுரம் ஒன்று ஒலிக்கும்போதெல்லாம் எங்கிருந்தோ ஒரு கடகடப்பு வந்தது. அரை மணி நேரம் கம்பிகளைச் சோதித்தும் பிடிபடவில்லை. கடைசியில் பார்த்தால் யாரோ ஓர் ஐயாவின் படத்துச் சட்டத்தில் கண்ணாடி தளர்ந்திருந்தது. டர்ன்டேபிளையும் பேஸ் ஒலிபெருக்கிப் பெட்டி நிற்கும் மேடையில் வைக்காமல், தனி மேசையில் கனத்த கல்பலகை போட்டு, அதற்கடியில் தடித்த நுரைமெத்தை கொடுத்து வையுங்கள். இல்லையேல் ஊசி துள்ளும்.

பள்ளத்தூர் ஆச்சி எழுதியது:

இசை பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, தம்பி. ஆனால் வளவு வானம் பார்த்தது. உள்ளே அடிப்பது நான்கு தெருவுக்குக் கேட்கும், இரவில் இன்னும் தெளிவாகக் கேட்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த இடத்தில் அது கூடாது. பக்கத்து வீடுகளில் தனியாக இருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அழைப்பிதழை அவர்களுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, எத்தனை மணிக்கு முடியும் என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். சொன்ன நேரத்தில் நிறுத்துங்கள்.

கானாடுகாத்தான்காரன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முகப்புத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டேன். மாலை 6 மணிக்கு டிஜே தொடங்கி, 7 மணியளவில் டிரம்ஸ் முதலில் சேர, அதன்பின் குழு முழுவதும் வந்து, கடைசியில் எல்லோரும் ஒன்றாக வாசித்து 9:45க்கு நிறைவு செய்வதாக மாற்றியிருக்கிறேன். நாளை காலை ஆச்சி சொன்னபடி அடுத்த வீட்டிலிருந்து தொடங்குகிறேன். தாளக்காரரே, குழுவினர் முதல் நாளே வந்துவிடுவதால், ஒத்திகைக்கு எந்தப் பகுதியை முதலில் எடுக்கச் சொல்லலாம்?

தாளக்காரன் எழுதியது:

பாட்டுகளை விடுங்கள், அவற்றை அவர்கள் அறிவார்கள். டிஜேயும் டிரம்ஸ் வாசிப்பவரும் மட்டும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, 116இல் ஒருவர் நிறுத்த மற்றவர் தொடர்வதைத் திரும்பத் திரும்பச் செய்யட்டும். பேஸ் கித்தார்க்காரர் பக்கத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும்.